சாமி சிலோனுக்குப் போயிருக்கு

பிப்ரவரி 10, 2019

இளங்கதிர் சார் தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். "கடைசி அத்தியாயத்துக்கு உதவும்க்கா. எதையும் விடாம எழுதுங்க" என்றார். சரி, விடாமல் எழுதுகிறேன். காலையில் குழாயடியில் காட்டெருமை நின்று தண்ணீர் குடித்தது. நான் குடத்தோடு பின்னால் நின்றேன். ரேஷன் கடையில் நிற்பது மாதிரிதான், எனக்கு முன்னால் ஒரு ஆள். சார், இது உதவுமா?

பேர் இளங்கதிர், தலை முழுக்க நரை. என் புத்தகத்தைப் போடப் போகிற பதிப்பகத்துக்காரர். நல்ல மனிதர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் அக்கா என்கிறார். நான் எழுதியதில் பாதியை அடித்துவிட்டு "அருமை" என்பார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் தெய்வானை. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். பிறந்தது சிலோனில், தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். எட்டு வயதில் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். அங்கே மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். இங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கி இரண்டாவதோடு நின்றுவிட்டேன். ஆக, இரண்டு நாட்டிலும் சேர்த்து ஐந்தாம் வகுப்பு. அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே சிலோன்காரர்கள் என்கிறார்கள். கப்பலில் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 12

கொழுந்து குறைவு. முட்டி வலி அதிகம்.

பிப்ரவரி 13

சார் போன் செய்தார்.

"அக்கா, புத்தகம் நல்லா வந்திருக்கு. ஆனா முடிவே இல்ல. பூர்வீக ஊருக்குப் போகாமலே எப்படி முடிப்பீங்க? அந்த மண்ணுல நீங்க கால் வைக்கணும். அந்த எடத்துல வாசகன் அழணும்."

"வாசகன் அழறதுக்கு நான் எதுக்கு சார் பஸ் ஏறணும்?"

சிரித்தார். ஆனால் விடவில்லை. மே மாதம் கோவையில் வெளியீடாம், மண்டபம்கூடப் பார்த்துவிட்டாராம். இவர் (என் வீட்டுக்காரர் ராசலிங்கம்) அதைக் கேட்டதிலிருந்து தரையில் நடக்கவில்லை. வேலை பார்க்கிற தேயிலை ஃபேக்டரியில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டார். காட்டெருமைக்கும் சொல்லியிருப்பார்.

சார் இன்னொன்றும் சொன்னார். பானைக் கதையை எடுத்துவிடலாமாம். "வெறும் சிரிப்பா இருக்குக்கா. ஒரு அகதியோட வலி அதுல இல்ல."

நான் அகதி இல்லை சார், 'தாயகம் திரும்பியோர்'. சர்க்கார் கொடுத்த பேர்.

பிப்ரவரி 14

பானைக் கதையை எடுக்க மனமில்லை. முழுப் புத்தகத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

நாங்கள் வந்த மறுவருஷம் அப்பா, "திருச்சியில லோன் ஆபீசு, போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினார். இருந்ததில் நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டார். அம்மா ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். போனவர் மறுநாள் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார், நேரே அடுப்படிக்குப் போனார், சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லாருக்கும் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றார். "ஏன்யா, திருச்சியில ஓட்டலே இல்லியா?" என்று அம்மா கத்தினாள். அவர் வாய் நிறையச் சோற்றோடு, "லோன் இல்லேன்னுட்டாங்க" என்றார். அன்றைக்கு நாங்கள் வறட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தோம். பானையைத் தின்ற மனுஷன் என்று லயமே ரொம்ப நாள் சிரித்தது. நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 19

மிக்ஸி புகைந்துவிட்டது. அம்மியில் தேங்காய்ச் சம்பல் அரைத்தேன். இவர் நாலு ரொட்டி கூடத் தின்றார். மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கவே வேண்டாமாம். அரைப்பது யார் என்று கேட்டேன். கொடுத்துவிடலாம் என்றார்.

பிப்ரவரி 23

போவதென்று முடிவு செய்துவிட்டேன். துறையூர் பக்கம் கருவேலங்குறிச்சி. தாத்தா அங்கேயிருந்துதான் சிலோனுக்குப் போனார். இங்கே வந்த பிறகு அப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார்: "ஊர்ல நமக்கு கெணறு இருக்கு, புளியமரம் இருக்கு, சாமி இருக்கு. அடுத்த வருசம் போவோம்." அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும் என்றுகூடச் சொல்வார். "பொறந்ததே சிலோன்ல, ஒனக்கு எப்படிய்யா கரிப்பு தெரியும்?" என்று கேலி செய்வேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

எனக்கு அந்த ஊர்மேல் ஆசையா என்று சார் கேட்டார். தெரியவில்லை. பார்க்காத மாமியாரைப் பார்க்கப் போவது மாதிரி இருக்கிறது.

மார்ச் 2

துறையூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தாத்தா பேரைச் சொன்னதும் டீக்கடையில் நாலு பேர் எழுந்து நின்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிலோனில் செத்துப்போன கூலிக்காரருக்கு யார் எழுந்து நிற்பார்கள்? நேராக வையாபுரி என்ற பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அப்பாவுக்குப் பங்காளி முறை, எனக்குச் சித்தப்பா. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"தனியாவா வந்த?"

"ஆமா சித்தப்பா. வீட்டுக்காரருக்கு லீவு இல்ல."

"அவர கேக்கல. சாமி வரலியா?"

பெரியவருக்கு மூளை கலங்கியிருக்கிறது என்று நினைத்தேன். கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ஊருக்கு வெளியே வாகை மரத்தடியில் ஒரு மேடை. சுற்றிலும் வேல், அரிவாள், மணி எல்லாம் இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை. சாணி மெழுகிய சதுரம், அதைச் சுற்றி வட்டமாக ஒரு பூமாலை. மாலைக்குள் வெறும் தரை.

"சாமி எங்க சித்தப்பா?"

"சிலோனுக்குப் போயிருக்கு."

சந்தைக்குப் போயிருக்கிற ஆளைச் சொல்வது மாதிரி சொன்னார். நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கதை இதுதான். பஞ்ச காலத்தில் தாத்தா ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு கிளம்பின அன்று விடியலில் பார்த்தால் கருப்புசாமிக் கல்லைக் காணோம். "ஒங்க தாத்தன் தூக்கிட்டுப் போனானா, சாமியே அவன்கூடப் போச்சா, அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியல" என்றார் சித்தப்பா. வேறு கல் நட மனசு வரவில்லையாம். திரும்பி வந்தால் எங்கே உட்காரும்? அதனால் இடத்தை அப்படியே விட்டுவிட்டு மொட்டை, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் காலி இடத்துக்கு முன்னால்தான் செய்கிறார்கள். குலசாமி எங்கே என்று சம்பந்தி வீட்டார் கேட்டால் சிலோனில் என்று சொல்கிறார்களாம்.

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். எங்கள் லயத்துக்குப் பின்னால் பலா மரத்தடியில் இருந்தது. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பலாக்கொட்டை தின்றிருக்கிறேன். இதை அங்கே சொல்லவில்லை.

மற்றதைச் சொன்னேன். நாங்கள் கப்பலேறும்போது தோட்டத்தில் தங்கியவர்கள் கல்லைக் கொடுக்கவில்லை. "நாங்க இங்கதான இருக்கோம், எங்களுக்கு சாமி வேணாமா?" என்றார்கள். அப்பா அந்த இடத்திலிருந்து ஒரு தகர டப்பாவில் பிடிமண் எடுத்துக்கொண்டார். அதை இங்கே எங்கள் வீட்டுக்குப் பின்னால் கற்பூர மரத்தடியில் போட்டு, அதையே சாமியாகக் கும்பிடுகிறோம்.

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கடைசியில் சித்தப்பா, "அப்ப மூலக்கோயிலு சிலோன்ல. கிளை கோத்தகிரில. நாங்கதான் வெளியூரு" என்றார். பிறகு, "எங்களுக்கும் ஒரு பிடி மண்ணு கொண்டாந்து குடும்மா. சித்திரையில கும்பிடு வச்சுக்கலாம்" என்றார்.

ஊர் மண்ணைத் தொட்டு அழச் சொல்லி சார் அனுப்பினார். ஊர் என்னிடம் மண் கேட்கிறது. நான் எந்தப் பக்கம் பார்த்து அழுவது?

சாப்பிடக் கூப்பிட்டார்கள். சித்தப்பாவின் சம்சாரம் அஞ்சலைச் சித்தி இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். நல்ல பேச்சுக்காரி, எனக்கு ஜோடி.

"ஒங்கப்பாவும் இத மாதிரிதான் திடுதிப்புன்னு வந்தாரு" என்றார்.

"எங்கப்பா இங்க வந்ததில்லையே சித்தி."

"வந்தாரும்மா. நான் கல்யாணமாகி வந்த வருசம். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, அம்சமா இருந்தாரு. கல்லு கொண்டாரல, மண்ணுதான் இருக்குன்னாரு. எங்க மாமனாரு ஒத்துக்கல. சாமிய வித்துட்டு வந்தவனுக்கு இந்த ஊர்ல எலை போடக்கூடாதுன்னுட்டாரு. நாங்கல்லாம் சாப்பிட்டுட்டு இருந்தோம். அவரு கெணத்தடியில தண்ணி மொண்டு குடிச்சிட்டு அப்படியே போயிட்டாரு. நீ சாப்பிடும்மா, ஆறிரும்."

வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. காலையில் சாப்பிட்டது ஒரு பன். இலையை மடிக்காமல் எழுந்துவிட்டேன்.

கிணறு இருக்கிறது. புளியமரமும் இருக்கிறது. ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தேன். கரித்தது.

பஸ் வந்துவிட்டது.

மார்ச் 4

வந்து சேர்ந்தேன். மழை. கொடியில் எதுவும் காயவில்லை. ஊர் எப்படி என்று இவர் கேட்டார். "வெயிலு" என்றேன்.

மார்ச் 9

பானைக் கதையை எடுத்துப் படித்தேன். ஒரு எழுத்துப்பிழை இருந்தது. திருத்தினேன்.

மார்ச் 11

சார் தினமும் கேட்கிறார், என்ன ஆச்சு என்று. எழுதிக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். எழுதவில்லை. மிக்ஸி வந்துவிட்டது. சத்தம் முன்னைவிட அதிகம்.

எனக்கு எழுதப் பழக்கினதே கடுதாசிதான். இங்கே வந்த புதிதில் சிலோனில் இருக்கிற சொந்தக்காரருக்கு எழுத லயத்தில் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். வெற்றிலை மென்றுகொண்டே, "கண்ணீரோடு எழுதுவது என்று போடு" என்பார்கள். போடுவேன். அங்கேயிருந்தும் கண்ணீரோடு பதில் வரும். அங்கே யார் என்ன மென்றார்களோ. அத்தனையும் மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதியது. புத்தகத்தில்தான் முதல்முதலாக யாரும் சொல்லாமல் எழுதினேன். எது சரி, எது தப்பு என்று கேட்க ஆள் இல்லாமல். ருசி கண்டுவிட்டது.

இப்போது ஆள் தேவைப்படுகிறது. அப்பா சாகிறவரை மறைத்ததை நான் அச்சில் போடலாமா? போடாவிட்டால், திருச்சி லோன் ஆபீசு என்று நான் எழுதிய பானைக் கதை பொய். போட்டால், எல்லாரும் சிரித்தபோது வாயைத் திறக்காத மனுஷனை நான் காட்டிக்கொடுத்த மாதிரி. காலையில் போடலாம் என்று தோன்றுகிறது, கொழுந்து எடை போடும்போது வேண்டாம் என்று தோன்றுகிறது.

இதை சாருக்குக் கொடுக்கப் போவதில்லை. ஆகவே சார், மேலே காட்டெருமை வரைக்கும் உங்களுக்கு, மீதி எனக்கு.

மார்ச் 17

எழுதிவிட்டேன். காலி இடம், மண், இலை, கிணறு எல்லாம். அழுகை இல்லை, ஏனென்றால் நான் அழவில்லை. இவர் போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து சாருக்கு அனுப்பினார். தலைகீழாக மூன்று பக்கம்.

மார்ச் 21

சார் பதிலுக்கு ஒரு அத்தியாயம் அனுப்பியிருக்கிறார். அவரே எழுதியது. "சும்மா ஒரு மாதிரிக்கு. உங்க நடையிலதான் எழுதியிருக்கேன்" என்று போட்டிருந்தது. இவர் சத்தமாகப் படித்தார். அதில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றுகிறேன். மண்ணை அள்ளி நெற்றியில் பூசுகிறேன். புளியமரத்தைக் கட்டிப்பிடித்து, "வந்துட்டேன் தாயே" என்று கதறுகிறேன். ஊரே கதறுகிறது.

படித்து முடித்துவிட்டு இவர் கண்ணைத் துடைத்தார்.

"ரொம்ப நல்லா அழுதிருக்க, தெய்வா."

"யோவ், நான் எங்கய்யா அழுதேன்? அந்த மரத்துல முழுக்க எறும்பு."

ஆனால் நன்றாக இருந்தது. அதை மறைக்க முடியாது. அதைப் போட்டால் மே மாதம் வெளியீடு, இவருக்கு ஃபேக்டரியில் மரியாதை, அப்பா ரகசியமும் அப்பாவோடு. நாலு தரம் படித்துவிட்டேன். என் பேரில் யாரோ அழகாக அழுகிறார்கள்.

மார்ச் 24

சாருக்கு நானே போன் செய்தேன்.

"சார், ஒங்க அத்தியாயம் ரொம்ப நல்லா இருக்கு."

"அப்பாடா. அப்ப அதையே..."

"அதை ஒங்க பேர்ல போடுங்க."

பொறுமையாகத்தான் பேசினார். "அக்கா, காலி இடத்துக்கு மாலை போடறாங்கன்னா யாரு நம்புவா? பிடிமண் இங்கிருந்து அங்க போகுதுன்னா வாசகருக்குக் குழப்பமா இருக்கும்."

"எனக்கே குழப்பமாத்தான் சார் இருக்கு. நான் தெளிவா இருக்கிற மாதிரி அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"இந்த முடிவோட மே மாசம் வராதுக்கா. எப்பவுமே வராமப் போனாலும் போகும்."

"சரிங்க சார்" என்றேன். போனை நான்தான் முதலில் வைத்தேன். வைத்த பிறகு அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்தேன். பனி.

மார்ச் 25

இவரிடம் சொன்னேன். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, "ஃபேக்டரில என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். "எழுத்தாளருக்கு முட்டி வலின்னு சொல்லுங்க" என்றேன். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 7

சித்தப்பா போன் செய்தார். சித்திரைக் கும்பிடுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். மண் வருமா என்று கேட்டார். புத்தகம் வராது, மண் வரும்.

இவர் என்னிடம் சொல்லாமலே லீவு போட்டுவிட்டார்.

ஏப்ரல் 27

கற்பூர மரத்தடியில் இவர் தோண்ட, நான் டப்பாவில் வாங்கினேன். அப்பா சிலோனிலிருந்து கொண்டுவந்த அதே டப்பா. இத்தனை நாள் உப்பு போட்டு வைத்திருந்தேன்.

ஏப்ரல் 29

நேற்று நடந்ததை இன்று வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

வாகை மரத்தடியில் ஊர் முழுக்க நின்றது. பறை அடித்தார்கள். பந்தி போட இலைகள் தயாராக இருந்தன. சித்தப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். டப்பா என் மடியில். நான் கொடுக்கவில்லை.

"ஒரு எலை போடுங்க சித்தப்பா."

"மொதல்ல சாமி வேலை முடியட்டும்மா. எல்லாருக்கும் எலை இருக்கு."

"எனக்கு இல்ல. எங்கப்பாவுக்கு."

பறை நின்றுவிட்டது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இவர் என் முந்தானையை மெதுவாக இழுத்தார். நான் திரும்பவில்லை.

சித்தப்பா குரலைத் தாழ்த்தி, "செத்தவனுக்கு சாமி முன்னால எலை போடற வழக்கம் இல்ல தாயி" என்றார்.

"காலி எடத்துக்கு மாலை போடற வழக்கம் எந்த ஊர்ல சித்தப்பா இருக்கு?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஞ்சலைச் சித்திதான், தெரியும். சித்தப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். காலி இடத்தைப் பார்த்தார். பிறகு தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கையைக் கழுவினார். ஒரு இலையை எடுத்து மேடைக்கு முன்னால் தானே விரித்தார். தண்ணீர் தெளித்தார். சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். குனிந்த வாக்கிலேயே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் சொல்வது மாதிரி சொன்னார்.

"சாப்பிடு, சின்னமுத்து."

அப்பா பேரை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

டப்பாவைக் கொடுத்துவிட்டேன். மாலைக்குள் மண்ணைக் கொட்டினார்கள். பறை மறுபடி ஆரம்பித்தது. அப்பாவின் இலைக்குப் பக்கத்து இலையில் நான் உட்கார்ந்தேன். இரண்டு தரம் சோறு வாங்கினேன். அந்தக் கரிப்புத் தண்ணீரில் வைத்தும் ரசத்துக்கு உப்பு பத்தவில்லை. சித்தியிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 30

கொழுந்து நன்றாக வந்திருக்கிறது. இவர் ஃபேக்டரியில் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம், இலை கதையைச் சொல்லியிருக்கிறார். மூன்று பேர் வீட்டுக்கே வந்து என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மே 6

இளங்கதிர் சார் போன் செய்தார். யாரோ சொல்லி இலை விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரோ என்ன, இவர்தான்.

"அக்கா, அதையும் எழுதி அனுப்புங்க. ஒங்க அத்தியாயத்தையே போடறேன். மே மாசம் முடியாது, ஆடி கழிச்சு."

"பானைக் கதை?"

"இருக்கட்டும்."

"அது கடைசி அத்தியாயத்துக்கு முன்னால வரணும். ஒரு எழுத்து மாத்தக்கூடாது. எல்லாரும் நல்லாச் சிரிக்கட்டும், அப்புறம் அடுத்த பக்கத்தத் திருப்பட்டும்."

"சரிக்கா." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த எலைக்கு முன்னால நிஜமாவே நீங்க அழலியா?"

"ரசத்துக்கு உப்பு பத்தலன்னு சொன்னேன் சார். அத வேணா போட்டுக்குங்க."

சிரித்தார். பிறகு, பின்னட்டையில் என் பேருக்குக் கீழே சொந்த ஊர் என்று ஒரு வரி வரும், அங்கே என்ன போடுவது என்று கேட்டார். தோட்டத்துப் பேரா, கோத்தகிரியா, கருவேலங்குறிச்சியா?

யோசித்தேன். மூன்றும் சரி மாதிரி இருந்தது, மூன்றும் தப்பு மாதிரியும் இருந்தது.

"காலியா விடுங்க சார்."

"காலியாவா? அச்சுப் பிழைன்னு நினைப்பாங்கக்கா."

"நினைக்கட்டும். அங்க காலி எடத்துக்கே எங்க தாத்தா காலத்துலேருந்து மாலை போட்டாங்க."

கற்பூர மரத்தடியில் மண் எடுத்த குழி அப்படியே இருக்கிறது. நாளைக்கு மூடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காட்டெருமை கால் வைத்துவிடும்.